வாடிக்கையாளர் தகவலுக்குக் காப்புரிமையா? பழைய பேரேடுகள் சொல்லும் சாட்சி

1803-ஆம் ஆண்டு லண்டன் தையற்காரர்கள் சிலர் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கடனுக்குத் துணி தைத்துக்கொண்டு பணம் தராமல் போன வாடிக்கையாளர்கள் யார் யார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவது. தொழிலில் அவர்கள் போட்டியாளர்கள்தான். ஆனால் ஒரு கடையில் ஏமாற்றியவர் அடுத்த கடைக்குப் போய் அளவு கொடுப்பதைத் தடுக்க வேறு வழி இல்லை. 1826-இல் மான்செஸ்டர் வியாபாரிகள் இதற்கென்று ஒரு சங்கமே அமைத்தார்கள். கடனைத் திருப்பித் தராதவர்களைப் பற்றிய அறிக்கை மாதந்தோறும் உறுப்பினர்களுக்குப் போனது. அந்தச் சங்கத்தைத் தன் முன்னோர் வரிசையில் வைத்திருக்கும் நிறுவனம்தான் இன்றைய எக்ஸ்பீரியன். மதுரையிலோ கோவையிலோ ஒருவர் வங்கிக் கடன் வாங்கினால் அவருடைய விவரம் போய்ச் சேரும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

இருநூறு ஆண்டுப் பழக்கமுள்ள இந்தக் காரியத்துக்குத்தான் இப்போது பேட்டன்ட் என்னும் காப்புரிமை கேட்கிறார்கள். இரண்டு வணிக நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் முறை, அதற்கான அமைப்பு என்ற தலைப்பில் வரும் விண்ணப்பங்களில் உரிமைக்கோரல் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும்: முதல் நிறுவனத்தின் சர்வர் ஒரு வாடிக்கையாளரின் விவரத்தைப் பெறுகிறது, அதை இரண்டாம் நிறுவனத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டு இரண்டிலும் இருப்பவர் ஒருவரே என்று அடையாளம் காண்கிறது, எந்த விவரத்தை யாருக்குத் தரலாம் என்ற விதியைப் பார்க்கிறது, அனுமதி இருந்தால் அனுப்புகிறது. இது நான் மாதிரிக்கு எழுதிய கோரல். உண்மையான கோரல்கள் இதைவிட நீளமாக இருக்கும். அவற்றின் முதுகெலும்பு இதுதான்.

இப்படி ஒரு கோரலுக்கு உரிமை கிடைத்துவிட்டால், அதே வேலையைச் செய்யும் சின்ன மென்பொருள் நிறுவனம், கூட்டுறவுச் சங்கம், மருந்துக்கடைச் சங்கிலி என எல்லாரும் ஒருவருக்குக் கப்பம் கட்ட வேண்டியிருக்கும். ஊருக்குப் பொதுவானதை ஒருவர் வேலி போட்டு எடுத்துக்கொள்ள விடக்கூடாது. அதைத் தடுக்கச் சட்டம் தரும் ஆயுதம் முன்சான்று: அந்தக் கண்டுபிடிப்பு விண்ணப்பத் தேதிக்கு முன்பே உலகுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கான ஆதாரம்.

மஞ்சளுக்கு ஒரு பக்கம் போதுமானது

முன்சான்று என்றால் என்னவென்று நம் நாட்டுக்குப் பாடம் எடுத்தது மஞ்சள். 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கான காப்புரிமை கிடைத்தது. ஈரோட்டுச் சந்தையில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அடிபட்ட இடத்தில் மஞ்சள் பற்றுப் போடாத பாட்டி உண்டா? ஆனால் பாட்டி வைத்தியம் அமெரிக்கச் சட்டத்தின் முன் சாட்சியாக நிற்கவில்லை. அன்றைய அந்தச் சட்டப்படி, வெளிநாட்டில் நிலவிய பழக்கம் மட்டும் கணக்கில் வராது. அது அச்சில் வந்திருக்க வேண்டும், அல்லது காப்புரிமையாகப் பதிவாகியிருக்க வேண்டும். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவான சி.எஸ்.ஐ.ஆர். 1996-இல் மறுபரிசோதனை கேட்டது. பழைய நூல்களோடு, 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஒரு கட்டுரையையும் சேர்த்து முன்வைத்தது. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

பழக்கம் எவ்வளவு பழையது என்பதைவிட, தேதியிட்ட ஒரு பக்கம் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. அமெரிக்கச் சட்டம் 2013 மார்ச்சிலிருந்து மாறி, உலகில் எங்கே பொதுப் பயன்பாட்டில் இருந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் நடைமுறையில் காப்புரிமைப் பரிசோதகரின் மேசையில் எடுபடுவது காகிதம்தான். பரிசோதகருக்கு ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைப்பது சராசரியாக 20 மணி நேரத்தை ஒட்டியது. அதற்குள் அவர் தேடக்கூடியது பழைய காப்புரிமைகளையும் கையெட்டும் தூரத்திலுள்ள ஆய்வுக்கட்டுரைகளையும்தான். வியாபாரிகள் சங்கத்தின் மாத அறிக்கை அவர் கண்ணில் படாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கோரலில் உள்ள அத்தனை அம்சமும் ஒரே பழைய ஆவணத்தில் இருந்தால் புதுமை இல்லை என்று நேரடியாகச் சொல்லிவிடலாம். இல்லையென்றால், இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால் அந்தத் துறையில் தேர்ந்த எவருக்கும் தோன்றியிருக்கும் என்று வாதிட வேண்டும். தெரிந்த பாகங்களைத் தெரிந்த விதத்தில் கூட்டி, எதிர்பார்த்த பலனையே பெறுவது கண்டுபிடிப்பு ஆகாது என்று 2007-இல் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வாதத்துக்குத் தெம்பு கொடுத்தது. ஆகவே லண்டன் தையற்காரர்களை மட்டும் கூப்பிட்டு வந்தால் வழக்கு ஜெயிக்காது. அவர்களிடம் சர்வர் இல்லை. கோரலின் ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனியே சாட்சி தேட வேண்டும். அப்படித் தேடப் போனால் கிடைப்பது கொஞ்சநஞ்சமல்ல.

நியூயார்க் பட்டு வியாபாரியின் பேரேடு

லூயிஸ் டப்பன் நியூயார்க்கில் தன் அண்ணன் ஆர்தரோடு பட்டு வியாபாரம் செய்தவர். அடிமை ஒழிப்பு இயக்கத்தில் முன்னணியில் நின்றவர். 1837-இல் அமெரிக்காவைப் புரட்டிப்போட்ட நிதி நெருக்கடியில் அவர்களுடைய கடையும் கவிழ்ந்தது. தூரத்து ஊர்ச் சில்லறை வியாபாரிகளுக்குக் கடனில் சரக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்களில் யார் நம்பத்தக்கவர் என்று தெரிந்துகொள்ள வழி இல்லாமல்தான் பலரும் மூழ்கினார்கள். அந்த அடியிலிருந்து டப்பன் கண்டெடுத்த தொழில்தான் 1841-இல் அவர் தொடங்கிய மெர்க்கன்டைல் ஏஜென்சி.

ஏற்பாடு இப்படி. ஊர் ஊராக நிருபர்களை வைத்தார், பெரும்பாலும் வழக்கறிஞர்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அந்த ஊரில் கடன் வசூல் வழக்குகள் வந்தால் அவை அவர்களுக்குப் போகும் என்பதுதான் ஊதியம். ஒவ்வொரு வியாபாரியின் சொத்து, கடன், குணம், குடிப்பழக்கம், குடும்ப நிலவரம் எல்லாம் கடிதமாக நியூயார்க்குக்கு வரும். எழுத்தர்கள் அதைப் பெரிய பேரேடுகளில் ஊர்வாரியாகப் படியெடுப்பார்கள். சந்தா கட்டிய மொத்த வியாபாரி அலுவலகத்துக்கு நேரில் வந்து பெயரைச் சொன்னால், எழுத்தர் பேரேட்டைத் திறந்து வாசித்துக் காட்டுவார். பிரதி தரமாட்டார்கள். சந்தாதாரர் தவிர வேறு யாருக்கும் தகவல் கிடையாது. ஆபிரகாம் லிங்கன் வழக்கறிஞராக இருந்தபோது இந்த ஏஜென்சிக்கு நிருபராக இருந்தவர். 1859-இல் நிறுவனம் ஆர்.ஜி. டன் கைக்குப் போனது. பின்னாளில் டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட் ஆனது. அந்தக் காலத்துப் பேரேடுகள் 2,500-க்கும் மேல் இன்று ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன.

நம் மாதிரிக் கோரலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல இடத்திலிருந்து வாடிக்கையாளர் விவரம் சேர்கிறது, ஓரிடத்தில் ஒழுங்காகிறது, கேட்பவருக்கு உரிமை உண்டா என்று பார்க்கிறார்கள், உரிமை இருந்தால் மட்டும் தகவல் போகிறது. கணினி மட்டும்தான் இல்லை.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் உண்டு. அந்தப் பேரேடுகள் ரகசியமாக வைக்கப்பட்டவை; அச்சில் வந்தவை அல்ல. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். அதற்கு மாற்று இருக்கிறது. வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் நாரிஸ் இந்த ஏஜென்சியின் கதையை 1978-இல் நூலாக வெளியிட்டார். அதற்கும் முன்பே நீதிமன்ற ஆவணங்கள் உண்டு. ஒஹாயோ மாநிலம் நார்வாக் நகரத்து வியாபாரி ஜான் பியர்ட்ஸ்லி, தன் மனைவி விவாகரத்து கேட்கப்போகிறார் என்ற பொய்த் தகவல் ஏஜென்சி வழியாகப் பரவித் தன் வியாபாரம் கெட்டது என்று வழக்குத் தொடுத்தார். 1851-இல் நடுவர் குழு அவருக்கு 10,000 டாலர் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் வரை போய் அந்தத் தீர்ப்பு நிலைக்காமல் போனாலும், ஏஜென்சி எப்படி இயங்கியது என்பது பொது ஆவணமாகப் பதிவாகிவிட்டது. ஒருவரின் குடும்ப விஷயம் அவருக்கே தெரியாமல் ஊர் ஊராகப் போய்த் தொழிலைக் குலைக்கும் என்ற உண்மையும் அதிலேயே பதிவாகியிருக்கிறது.

மளிகைக் கடைக்கு வருவோம். டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரில் கேட்டர் வுல்ஃபோர்டு என்ற மளிகைக்காரர், தன் ஊர்ச் சங்கத்துக்காக வாடிக்கையாளர்களின் கடன் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். அதற்கு இருந்த கிராக்கியைப் பார்த்து, 1899-இல் தம்பி கை வுல்ஃபோர்டோடு அட்லான்டா போய் ரீடெய்ல் கிரெடிட் கம்பெனியைத் தொடங்கினார். கடை கடையாகப் போய்க் கேட்டுத் திரட்டியதை வியாபாரிகளுக்கான கையேடாக அச்சடித்து விற்றார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே சுருக்கமான குறிப்பு: ஒழுங்காகத் தருபவர், தாமதமாகத் தருபவர், ரொக்கம் மட்டும். இன்றைய கிரெடிட் ஸ்கோரின் விதை அதில் இருக்கிறது. 1970-களின் நடுவில் பெயரை மாற்றிக்கொண்ட அந்தக் கம்பெனிதான் ஈக்விஃபாக்ஸ். அதுவும் இந்தியாவில் இயங்குகிறது.

பெயர் மாற்றத்துக்கு முன் நடந்த ஒன்று முன்சான்று தேடுபவருக்கு மிக முக்கியம். மனிதர்களின் அந்தரங்கத்தை இந்த நிறுவனங்கள் கோப்புப் போட்டுச் சேர்ப்பது 1960-களில் அமெரிக்காவில் பெரிய சர்ச்சையாக வெடித்து, 1970-இல் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வந்தது. எந்தக் காரணத்துக்காகக் கேட்டால் மட்டும் ஒருவரின் அறிக்கையைத் தரலாம் என்று அச்சட்டம் வகுத்தது. தன் கோப்பில் என்ன இருக்கிறது என்று அறியவும் தப்பிருந்தால் மறுக்கவும் மக்களுக்கு உரிமை கிடைத்தது. நோக்கத்தைச் சரிபார்த்த பிறகே தகவலைப் பகிர்வது என்பது 1971-லிருந்து அமெரிக்க நிறுவனங்களின் அன்றாடக் கடமை. இன்றைக்கு அதையே தன் கண்டுபிடிப்பு என்று ஒருவர் கோரலில் எழுதினால், சட்டப் புத்தகத்தையே சாட்சிக்கு அழைக்கலாம்.

சண்முகம் யார்?

கோரலின் இரண்டாவது கண்ணி, இரண்டு பதிவேட்டில் இருப்பவர் ஒரே ஆள்தானா என்று கண்டுபிடிப்பது. கேட்பதற்கு எளிது. ஆனால் சண்முகம் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் எஸ்-எச் போட்டு எழுதுவார், இன்னொருவர் எஸ் மட்டும் போடுவார், யாழ்ப்பாணத்துக்காரர் சி-எச் போடுவார். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் ஒரு முறைக்கு 1918-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் உரிமை பெற்ற அந்த முறையின் வழிவந்ததுதான் சவுண்டெக்ஸ். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒலியில் நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண் தருவது. பின்னாளில் சீர்செய்யப்பட்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவேடுகளுக்குப் பயன்பட்ட வடிவத்தில் முதல் இரண்டு சண்முகங்களுக்கும் எஸ்-525 என்ற ஒரே குறியீடு வந்துவிடும். யாழ்ப்பாணத்துச் சண்முகத்துக்கு சி-525. முதல் எழுத்து வேறு என்பதால் அவர் பிரிந்துவிடுகிறார். ஆங்கிலப் பெயர்களை மனதில் வைத்து உருவான முறையின் எல்லை அது.

1946-இல் ஹால்பர்ட் டன், ஒரு மனிதரைப் பற்றிய பிறப்பு முதல் இறப்பு வரையிலான பதிவுகளை இணைக்கும் யோசனையைப் பொதுச் சுகாதார இதழில் எழுதினார். 1959-இல் கனடாவில் நியூகோம்பும் சகாக்களும் கம்ப்யூட்டரைக் கொண்டே இதைச் செய்து காட்டினார்கள். 1969-இல் ஃபெலெகியும் சன்டரும் அதற்குக் கணித அடித்தளம் போட்டார்கள். எத்தனை பொருத்தம் இருந்தால் ஒரே ஆள், எத்தனை குறைந்தால் வேறு ஆள், நடுவில் இருந்தால் மனிதர் பார்க்கட்டும் என்ற மூன்று தட்டு முறை அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. இன்றைய விண்ணப்பங்களில் நம்பக மதிப்பெண் அடிப்படையில் வாடிக்கையாளரைப் பொருத்துதல் என்று வருவதற்கு அது நேர் மூதாதை.

வணிகத்தில் இந்த இணைப்பைப் பெரிய அளவில் நடத்தியது அபாகஸ் என்ற அமெரிக்க நிறுவனம். அஞ்சல்வழி விற்பனை செய்யும் கேட்டலாக் கம்பெனிகள் 1990-களில் தங்கள் வாடிக்கையாளர் யார் எதை எப்போது வாங்கினார் என்ற விவரத்தை அதில் கொட்டுவார்கள். பதிலுக்கு, வாங்கக்கூடும் என்று கணிக்கப்பட்ட புதிய பெயர்களை எடுத்துக்கொள்வார்கள். போட்டிக் கம்பெனிகள் பொதுக் கிணற்றில் நீர் ஊற்றி நீர் எடுத்தன. 1999-இல் இணைய விளம்பர நிறுவனமான டபுள்கிளிக் அபாகஸை வாங்கி, பெயர் முகவரியோடு கூடிய அந்தத் தகவலை இணையத்தில் மக்கள் உலாவிய தடத்தோடு இணைக்கத் திட்டமிட்டது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துக்குப் புகார் போனது. 2000 மார்ச்சில் டபுள்கிளிக் திட்டத்தை நிறுத்திவைத்தது. அந்தச் சர்ச்சையில் வெளியான செய்திகளும் புகார் மனுக்களும், எந்தத் தகவல் யாரோடு எப்படி இணைக்கப்படவிருந்தது என்பதை விரிவாகச் சொல்கின்றன. அவை அனைத்திலும் தேதி இருக்கிறது.

அனுமதி என்ற கண்ணி

புதிய விண்ணப்பங்கள் அதிகம் சாய்ந்து நிற்பது மூன்றாவது கண்ணியின் மேல்தான். வாடிக்கையாளர் சம்மதித்த அளவுக்கு மட்டும், சம்மதித்தவருக்கு மட்டும் தகவல் போகும் என்பார்கள். நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. புதியதா என்பதுதான் கேள்வி.

2002-இல் ஹாங்காங்கில் நடந்த தரவுத்தள மாநாட்டில், ஐ.பி.எம். ஆல்மடன் ஆய்வகத்தைச் சேர்ந்த ராகேஷ் அகர்வால், ஜெரி கீர்னன், ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்த், யிரோங் ஷூ ஆகிய நால்வரும் ஒரு கட்டுரை வாசித்தார்கள். மருத்துவர் நோயாளியின் ரகசியத்தைக் காப்பதாக எடுக்கும் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியைப் போல, தரவுத்தளமும் தன்னிடம் உள்ளவரின் ரகசியத்தைத் தானே காக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். உதாரணத்துக்கு மிசிசிப்பி என்ற கற்பனை இணையப் புத்தகக்கடையை எடுத்துக்கொண்டார்கள். அதன் அட்டவணையில் ஒவ்வொரு விவரத்துக்கும் எந்த நோக்கத்துக்காக, வெளியே யாருக்கு, எவ்வளவு காலம் என்று குறித்திருக்கும். வீட்டு முகவரி பார்சல் கொண்டுவரும் நிறுவனத்துக்குப் போகலாம். கடன் அட்டை எண் அட்டை நிறுவனத்துக்கு மட்டும். முகவரி அங்கே போகாது, அட்டை எண் இங்கே வராது. கால வரம்பு முடிந்தால் அழித்துவிட வேண்டும். வாடிக்கையாளர் சம்மதம் தராத நோக்கத்துக்குக் கேள்வி வந்தால் தரவுத்தளமே மறுத்துவிடும். நம் மாதிரிக் கோரலின் மூன்றாம், நான்காம் கண்ணிகளை வரிக்கு வரி இதில் காணலாம். இத்துறையில் முன்சான்று தேடும் எவரும் முதலில் எடுத்துப் படிக்க வேண்டியது இந்தக் கட்டுரைதான் என்பது என் எண்ணம்.

அதே 2002 ஏப்ரலில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பி-3-பி என்ற தரத்தை வெளியிட்டது. ஓர் இணையதளம் திரட்டும் தகவல் எதற்காக, யாருக்குப் போகும், எத்தனை நாள் இருக்கும் என்பதைக் கம்ப்யூட்டரே படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதும் முறை அது. தகவலைப் பெறுபவர்களை நாங்கள் மட்டும், பொருளைக் கொண்டு சேர்ப்பவர், எங்கள் கொள்கையையே பின்பற்றுபவர், வேறு கொள்கை உள்ளவர், தொடர்பில்லாதவர், பொதுமக்கள் என்று வகை பிரித்திருந்தார்கள்.

அந்தத் தரம் வெளிவருவதற்குள் பட்ட பாடு தனிக் கதை. இன்டர்மைண்ட் என்ற நிறுவனம், பி-3-பி-யைப் பயன்படுத்துபவர்கள் தன் காப்புரிமையை மீறுகிறார்கள் என்றது. பயனரின் தனியுரிமையைக் காக்க எல்லாருக்கும் பொதுவாக உருவாகிவந்த தரம், உரிமக் கட்டணப் பயத்தில் தடுமாறியது. கூட்டமைப்பு வழக்கறிஞர்களை அமர்த்தி, காப்புரிமையின் ஒவ்வொரு சொல்லையும் தரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. மீறல் இல்லை என்ற முடிவை 1999 அக்டோபரில் வெளியிட்டது. ஆனால் அதற்குள் வேகம் போய்விட்டது. வழக்கே நடக்காமல், ஒரு கோரலின் நிழல் மட்டும் விழுந்து பொது வேலை ஒன்று தேங்கி நின்றது. காப்புரிமைப் பரிசோதனையில் நேரும் சறுக்கல் வாடிக்கையாளரைத் தொடும் இடம் இது. தவறான உரிமை ஒன்று கிடைத்துவிட்டால், மக்களின் தகவலைக் கண்ணியமாகக் கையாள நினைப்பவரும் தயங்கி நிற்கிறார்.

கணிதம் வழியாக வந்த பதில் இதைவிட அழகானது. இரண்டு கம்பெனிகளுக்கும் பொதுவான வாடிக்கையாளர் யார் என்று தெரிய வேண்டும். மற்றவர் பெயர் எதுவும் வெளியே வரக்கூடாது. ஒவ்வொரு பெயரையும் ஒரு பெட்டியில் வைத்து முதல் கம்பெனி தன் பூட்டைப் போட்டு அனுப்புகிறது. இரண்டாம் கம்பெனி மேலே தன் பூட்டையும் போடுகிறது. எதிர்த்திசையிலும் அப்படியே. எந்தப் பூட்டு முதலில் விழுந்தாலும், ஒரே பெயர் இருக்கும் பெட்டிகள் இரண்டு பூட்டும் விழுந்தபின் ஒரே மாதிரி இருக்கும் வகையில் கணக்கு அமைந்திருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே ஒத்தவை எவை என்று சொல்லிவிடலாம். 1986-இல் கேத்தரின் மெடோஸ் இதன் ஆரம்ப வடிவத்தை வெளியிட்டார். 1999-இல் ஹியூபர்மன், ஃபிராங்க்ளின், ஹாக் மூவரும் எழுதினார்கள். 2003-இல் அகர்வால், எவ்ஃபிமியெவ்ஸ்கி, ஸ்ரீகாந்த் மூவரும் தனித்தனி நிறுவனங்களின் தரவுத்தளங்களுக்கு இடையே இதைச் செய்யும் வழிகளைத் தந்தார்கள். 2019-இல் கூகுள் இதே வழியில் ஒரு கருவியை எல்லாரும் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக வெளியிட்டது. இன்று விளம்பர உலகம் டேட்டா கிளீன் ரூம் என்று விற்பதன் அடிப்படைக் கணக்கு நாற்பது ஆண்டு பழையது.

நீதிமன்றங்கள் காட்டிய திசை

1998-இல் ஸ்டேட் ஸ்ட்ரீட் வங்கி வழக்கின் தீர்ப்பு, வியாபார முறைகளுக்கும் காப்புரிமை உண்டு என்று அமெரிக்காவில் மடை திறந்துவிட்டது. அடுத்த ஆண்டே அமேசானின் ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு உரிமை கிடைத்தது. எதிர்ப்பு எழுந்தபோது, முன்சான்று கொண்டுவருபவருக்குப் பரிசு தரும் பவுண்டிகுவெஸ்ட் என்ற நிறுவனம் 2000-இல் தொடங்கியது. அதில் முதலீடு செய்தவர்களில் அமேசானின் ஜெஃப் பெசோசே ஒருவர். ஒரே கிளிக்குக்கு எதிரான சான்றுக்கு 10,000 டாலர் பரிசு மூவருக்குப் பிரித்துத் தரப்பட்டது. ஆனால் முழுதாக வீழ்த்தும் சான்று எதுவும் வரவில்லை. பின்னர் நியூசிலாந்துக்காரர் ஒருவர் கேட்ட மறுபரிசோதனையில் அந்த உரிமை 2010-இல் சுருங்கிய வடிவில் தப்பியது. முன்சான்று எப்போதும் வேரோடு பிடுங்கிவிடாது. பல சமயம் கிளையை வெட்டும். அதுவும் பெரிய பலன்தான். வெட்டிய இடத்தில் மற்றவர்கள் நடமாடலாம்.

2014-இல் ஆலிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது: பழைய வணிக வழக்கம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் செய் என்று சொன்னால் மட்டும் அது காப்புரிமைக்கு உரியதாகாது. அந்த வழக்கம் பழையதுதான் என்று காட்ட, நீதிமன்றம் 1896-இல் வெளிவந்த பங்குச்சந்தை பற்றிய புத்தகம் ஒன்றைச் சுட்டியது. பழைய அச்சுப் பக்கத்துக்கு இருக்கும் வலிமையைப் பாருங்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டெக்சாசில் நீதிபதி பிரைசன், ஒரு நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளிகளை இன்னொரு நிறுவனத்தில் செலவழிக்க மாற்றும் முறைக்கான காப்புரிமைகளைச் செல்லாது என்றார். விமான நிறுவனங்கள் மேல் தொடுக்கப்பட்ட அந்த வழக்கு, நிறுவனங்களுக்கிடையே வாடிக்கையாளர் கணக்கை நகர்த்தும் உரிமைக்கோரல்களுக்கு மிக நெருங்கிய உறவு.

இந்தியாவில் வாசல் இன்னும் குறுகலானது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, வியாபார முறையையும் வெறும் கணினி நிரலையும் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. ஆனாலும் தொழில்நுட்பச் சொற்களைப் போர்த்திக்கொண்டு விண்ணப்பங்கள் வரவே செய்கின்றன. உரிமை வழங்கப்படும் முன் எவரும் எதிர்ப்பு மனு தரலாம் என்று 25(1) பிரிவு சொல்கிறது. 2024 விதித்திருத்தம் அதற்குக் கட்டணம் விதித்துவிட்டது. தனிமனிதருக்கும் தன்னார்வ அமைப்புகளுக்கும் இது தடை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் அந்தப் பிரிவில் ஒரு வரம் இருக்கிறது: உள்ளூர்ச் சமூகத்தின் வாய்மொழி அறிவையும் அது எதிர்ப்புக்கான ஆதாரமாக ஏற்கிறது. மஞ்சளுக்கு அமெரிக்காவில் கிடைக்காத சலுகை அது.

வருங்கால விண்ணப்பங்களுக்கு எதிரான சாட்சியம் இந்தியாவிலேயே குவிந்துகொண்டிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பரில் அறிவித்த அக்கவுன்ட் அக்ரிகேட்டர் ஏற்பாட்டில், வங்கியிலிருந்து கடன் தருபவருக்கு நம் கணக்கு விவரம் போக நம் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தில் என்ன விவரம், எதற்காக, எத்தனை காலம் என்று எழுதியிருக்க வேண்டும். நடுவில் நிற்பவர் அந்த விவரத்தைத் தான் பார்க்கக்கூடாது. ஆணையும் தொழில்நுட்ப விவரக்குறிப்பும் பொதுவில் கிடைக்கின்றன. 2016-க்குப் பிறகு உலகின் எந்த மூலையில் இதே ஏற்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தாலும், இவற்றில் அந்த விண்ணப்பத்துக்கு முந்தைய தேதியுள்ளதை எடுத்து நீட்டலாம்.

நீட்டும் விதத்தில்தான் காரியம் இருக்கிறது. இதெல்லாம் பழசு என்று கோபமாக ஒரு கடிதம் எழுதினால் பரிசோதகருக்கு அதனால் பயன் இல்லை. கோரலை நான்கைந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே எந்த ஆவணம், எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று குறிக்க வேண்டும். விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு முந்தையதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க விண்ணப்பம் பொதுவாகத் தாக்கலான 18 மாதத்தில் வெளியாகிறது. அதற்குப் பிறகு பொதுவாக ஆறு மாதமாவது சான்று தர வெளியாட்களுக்கு அவகாசம் உண்டு. கடன் சங்கங்களின் பழைய அறிக்கைகள், கூட்டுறவு வங்கிகளின் சுற்றறிக்கைகள், 1990-களின் மென்பொருள் கையேடுகள் எல்லாம் இன்றைக்கு நூலகப் பரண்களிலும் ஓய்வுபெற்ற ஊழியர்களின் அலமாரிகளிலும் கிடக்கின்றன. அவற்றைத் தேதியோடு ஸ்கேன் செய்து பொது ஆவணக் காப்பகத்தில் ஏற்றிவைக்கும் வேலையை நம் பல்கலைக்கழகங்களின் நூலகத்துறைகள் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.